தலைமன்னாரில் அரைத்த மிளகாய்

அழகர்சாமி: இன்னும் எவ்வளவு நேரம்தான் துணி காயப் போடுவே அங்கம்மா? மூட்டையக் குடு. நான் போறேன்.

அங்கம்மா: இந்தத் தேவாலா எஸ்டேட் மழையில துணி காயறதுக்குள்ள உங்க கும்பாபிஷேகமே முடிஞ்சிரும். உக்காருங்கண்ணே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.

அழகர்சாமி: தேத்தண்ணிக்கா வந்தேன்? சிலோனை விட்டு நம்மள ஊரோட அனுப்புனப்ப, பாட்டன் கட்டுன கோயிலப் பிரிச்சு கஸ்டம்ஸ்ல விடமாட்டான்னு ஆளுக்கொரு துண்டா மறைச்சுக் கொண்டாந்தோம். பொன்ராஜ் கட்டில் பலகைன்னு சொல்லிக் கப்பல்ல ஏத்துன கதவு வந்தாச்சு. செல்லக்கண்ணு துவைக்கிற கல்லுன்னு ஏத்துன வாசப்படியும் வந்தாச்சு. உன் பங்குதான் பாக்கி.

அங்கம்மா: அம்மன். அம்மின்னு எழுதிக் குடுத்து ஏத்துனேன்.

அழகர்சாமி: ம்... அம்மின்னு.

அங்கம்மா: தலைமன்னார்ல அந்த கஸ்டம்ஸ்காரன்...

அழகர்சாமி: அது எதுக்கு இப்ப?

அங்கம்மா: "அம்மின்னா அரைச்சுக் காட்டு"ன்னு மிளகாய நீட்டுனான். "அரைச்சுத் தொலை, கப்பல் போயிரும்"னு பின்னாலேருந்து கத்துனது யாரு?

அழகர்சாமி: நான்தான். அத்தனை சனமும் காத்துக் கெடந்துச்சே...

அங்கம்மா: குப்புறப் போட்டு முதுகுலதான் அரைச்சேன். முகத்துல ஒரு துளி படல. அவன் தும்முன தும்மல் இருக்கே...

அழகர்சாமி: சிரிக்காத. சாமி விஷயம்.

அங்கம்மா: அதோட போச்சா? மண்டபம் கேம்ப்ல வேற அம்மி ஏது? இங்க அனுப்புற வரைக்கும் நம்ம சனம் பூரா அந்த முதுகுல அரைச்ச துவையலத்தான் தின்னுச்சு. நீங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்குவீங்க.

அழகர்சாமி: பசிக்கு வேற என்ன பண்ண?

அங்கம்மா: நாளைக்கு அவள அதே மாதிரி கருவறையில வப்பீங்களா?

அழகர்சாமி: பின்ன... வேற எதுக்குக் கேக்குறேன்?

அங்கம்மா: முந்தாநாள் லாரியில தார்ப்பாய் போட்டு மூடி வந்துச்சே, அது என்ன?

அழகர்சாமி: சிமெண்டு.

அங்கம்மா: சிமெண்டுக்கா தேங்கா உடைச்சீங்க?

அழகர்சாமி: குடும்மா மூட்டைய! தேயிலை மலைக்கு வேற போகணும். சூடம் கொளுத்தாம நான் ஆள கொழுந்தெடுக்க விடறதில்ல.

அங்கம்மா: அந்த சில்வர் ஓக் மரத்தடிக் கல்லுக்கா, கங்காணியாரே?

அழகர்சாமி: நக்கல் வேணாம். அது சுயம்பு. போன மழைக்கு மண்ணு சரிஞ்சு தானா வெளிய வந்துச்சு. தொட்டுப் பாத்திருக்கியா? என்ன வழவழப்பு! மனுசக் கை பட்டா அப்படி வருமா?

அங்கம்மா: வராது வராது... இந்தாங்க. பழைய சேலையில சுத்தி வச்சிருக்கேன். அவுக்காதீங்க.

அழகர்சாமி: அவுக்கல. எனக்கும் அவ முகத்தப் பாக்க...

அங்கம்மா: பாக்க?

அழகர்சாமி: ஒண்ணுமில்ல. வரேன்.

* * *

அழகர்சாமி: அங்கம்மா... குடைய மறந்துட்டுப் போயிட்டேன்.

அங்கம்மா: அந்தா மூலையில இருக்கு. கருவறையில வச்சாச்சா?

அழகர்சாமி: ஆச்சு.

அங்கம்மா: வேட்டி நனைஞ்சிருக்கே.

அழகர்சாமி: மழை.

அங்கம்மா: மழை அப்பவே விட்டுருச்சு. தலை காஞ்சிருக்கு. வேட்டி மட்டும் முழங்கால் வரைக்கும்... ஆத்துல தண்ணி நல்லாப் போகுதோ?

அழகர்சாமி: உனக்கு யாரு சொன்னா?

அங்கம்மா: உங்க வேட்டிதான்.

அழகர்சாமி: நான் என்ன பண்ண? மிளகா அரைச்ச கல்லைக் கருவறையில வச்சா ஊருக்கு ஆகாதுன்னு ஸ்தபதி சொல்லிட்டாரு. பூண்டியிலேருந்து வந்த சிலை லட்சணமா இருக்குன்னு கமிட்டியில எல்லாரும்... நான் சும்மா விடல அங்கம்மா. கும்பிட்டு, கண்ணீரோடதான் தண்ணியில விட்டேன்.

அங்கம்மா: சரி, விடுங்க. நாளைக்கு அன்னதானத்துக்கு மசாலா அரைக்கிறது என் பொறுப்பு. உங்க வீட்டு அம்மியக் கொஞ்சம் குடுத்து விடுங்க.

அழகர்சாமி: ஏன், உன்னோடது என்னாச்சு?

அங்கம்மா: அதுக்குத்தானே கண்ணீர் விட்டுட்டு வர்றீங்க.

அழகர்சாமி: அடிப்பாவி... அப்ப அம்மன்?

அங்கம்மா: நீங்க பூண்டிக்குச் சிலை சொல்லப் போன அன்னிக்கே மலையில நட்டுட்டேன், முகத்த மரத்துப் பக்கம் திருப்பி. சுயம்புன்னு நீங்க தினம் சூடம் காட்டுறது அந்த முதுகுக்குத்தாண்ணே.