ரப்பர் பாயில் நின்றவன்

நாள் முழுக்கச் சிமெண்டுத் தரையில் நிற்கிறவர்களுக்கு ரப்பர் பாய் நல்லது. முழங்கால் வலிக்காது. மார்ச் மாதம் நானும் ஒன்று வாங்கினேன். விசாரணையில் எல்லோரும் சிவப்புக் கம்பியைப் பற்றியே கேட்டார்கள். பாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அரசு வழக்கறிஞர் அம்மா, என் பெயர் டெர்லிஸ் ஓவெலார். வயது முப்பத்தொன்று. தலைநகர் அசுன்சியோனில் மின்பொறியியல் படித்தேன். இங்கே லூக்கேயில் முதலாளி டோன் சிரிலோவின் யாழ் செய்யும் பட்டறையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். மனைவி பெயர் சுனில்டா. ஜனவரியில் டெங்கு. ஒன்பது நாள். அது இந்த வழக்கில் சேராது.

எலக்ட்ரீசியன் எலாடியோ அண்ணனை ஆறு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். உரிமத்தையும் பிடுங்கிக்கொண்டீர்கள். அவர் வேலையில் குறையே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மெஷின் மரம் இழைப்பது. 1958-இல் ஜெர்மனியில் செய்தது. டோன் சிரிலோ அதை ஏலத்தில் எடுத்தார். கப்பலிலும் பிறகு ஆற்றுப் படகிலுமாக வந்து பிப்ரவரியில் பட்டறையில் இறங்கியது. மோட்டார் தகட்டில் 220/380 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் சிலர் சின்ன எண்ணை நம்பி டெல்டா இணைப்பில் மாட்டிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் புகையும். நம் மூன்று ஃபேஸில் வருவது 380 வோல்ட். அதற்கு ஸ்டார் இணைப்பில் மாட்ட வேண்டும். எலாடியோ அண்ணன் தகட்டை ஒரு முறை பார்த்தார், இணைப்பை மாற்றினார், மூடியை மூடினார்.

சிக்கல் கேபிளில்தான் இருந்தது. உள்ளே கறுப்பு, சாம்பல், நீலம், சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் நம் ஊரில் எவனும் மின்சாரம் வருகிற ஃபேஸ் என்றுதான் சொல்வான். நான் பழைய ஜெர்மன் கையேட்டைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சிவப்புதான் எர்த் என்றேன்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னடா தம்பி சொல்ற? சிவப்பு எர்த்தா? நான் பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல சிவப்பு மேலதான் உக்காந்திருக்கு. அதைப் போய் மண்ணுக்குள்ள எறக்கச் சொல்றியா? குடு, குடு. இந்த ஒரு வேலைய நான் சும்மாவே செய்வேன்."

ஊரை ஆள்வது சிவப்புக் கட்சி. அவர் பரம்பரையாக நீலக் கட்சித் துண்டு போடுகிறவர். அந்த நகைச்சுவை இப்போது உங்கள் கோப்பில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

மாமரத்தடியில் எர்த் குழி வெட்டி இரண்டரை மீட்டர் செம்புக் கம்பி அடித்தார். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அளந்தார். ஏழு ஓம். எர்த்துக்கு இது குறையக் குறைய நல்லது. ஏழு போதும் என்றேன். "உனக்குப் போதும்" என்று சொல்லி இன்னொரு கம்பி அடித்தார். நான்கு ஓம். சிவப்புக் கம்பியின் முனையில், இப்போது எர்த்துக்கு அடையாளமான பச்சை மஞ்சள் உறை மாட்டினார். கசிவு அதிகமானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பெட்டியையும் போட்டார். போகும்போது மெஷினைத் தட்டிக்கொடுத்தார்.

"உறை எதுக்குன்னா, நாளைக்கு எவனாவது முட்டாப்பய வந்து இதைக் கழட்டிடக் கூடாது பாரு."

அந்த எவனாவது நான்தான்.

நம் ஊரில் துக்கம் விசாரிப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். கைகொடுப்பதில் தொடங்கும். தோளுக்குப் போகும். அணைப்பில் நிற்கும். திரும்பக் கைக்கு வரும். வந்த கை, பேசி முடிக்கும்வரை விடாது. எங்கள் தெருத் துக்க வீடுகளில் செபம் சொல்லும் எவுலோகியா அம்மா இருபத்திரண்டு நிமிடம் பிடிப்பார். கடிகாரம் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஜனவரியிலிருந்து என் கைகளுக்கு எதுவும் தெரிவதில்லை. காபி சூடா ஆறினதா என்று தெரியாது. உளி பட்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நரம்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனவே கை ஒரு பிரச்சினை இல்லை. வேலைதான் கெட்டது.

மார்ச்சில் ஒருநாள் தரை கழுவியிருந்தோம். காற்றிலும் ஈரம். மெஷின் மேல் இடது கையை ஊன்றி நின்றிருந்தேன். காலில் ரப்பர் பூட்ஸ். எவுலோகியா அம்மா வந்தார். கழுவின தரை என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து என் வலது கையைப் பிடித்தார்.

"கடவுள் தனக்குப் புடிச்சவங்களத்தான் மகனே மொதல்ல கூப்…"

கையை உதறினார்.

"என்னடா இது, கடிக்குது."

நாற்பது விநாடியில் போய்விட்டார்.

மூடியைத் திறந்து பார்த்தேன். மெஷின் அதிர்வில் எர்த் திருகு தளர்ந்திருந்தது. மோட்டார் பழையது, ஈரம் குடித்தால் கொஞ்சம் கசியும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாததால் மெஷின் உடம்பில் தங்கி, என் வழியாக எவுலோகியா அம்மாவுக்குப் போயிருக்கிறது. ஸ்பேனர் கையிலேயே இருந்தது. இறுக்குவதற்கு அரை நிமிடம் ஆகும். யோசித்தேன். பிறகு திருகை முழுதாகக் கழற்றினேன். பச்சை மஞ்சள் உறையை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். துண்டிக்கும் பெட்டி எப்போதாவது அணைந்தால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். அதனால் மின்சாரம் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி இணைத்தேன். அதன் பிறகுதான் முழங்காலுக்காகப் பாய் வாங்கினேன்.

இரண்டு வாரம் நன்றாகப் போனது. ஒருவரும் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டவில்லை. மாதாகோவிலிலிருந்து வந்த மூவர் முதல் வாக்கியத்தையே தாண்டவில்லை.

ஆனால் எவுலோகியா அம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். சுனில்டா அவன் கைக்குள்ளேயே இருக்கிறாள், விடமாட்டேன் என்கிறாள் என்று. கூடவே, தனக்கு ஆறு வருடமாக இருந்த தோள்வலி போய்விட்டதாகவும். அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேருக்கு முட்டிவலி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பொறுமையாகத்தான் யோசித்தேன். கடி போதவில்லை என்று தோன்றியது. போதுமானால் திரும்பி வரமாட்டார்கள் அல்லவா. மே மாதம் காற்று காய்ந்து கடி இன்னும் மங்கியது. ஆட்கள் மறுபடி கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். மோட்டார் பெட்டிக்குள், ஃபேஸுக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே ஒரு சிறு ரெசிஸ்டரை வைத்துக் கசிவை நானே உண்டாக்கினேன். ஆளைக் கொல்லாத அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தேன். நான் படித்தவன். தரையை முன்பு வாரம் ஒரு முறை கழுவுவோம். நான் தினமும் காலையில் கழுவினேன். சுத்தம் நல்லதுதான்.

கூட்டம் இரட்டிப்பானது. டோன் சிரிலோ வாசலில் பெஞ்சு போட்டார். ஐஸ் தண்ணீரில் மூலிகை போட்ட தெரெரே குடுவை கைமாறிக்கொண்டே இருந்தது.

"உங்கள எவ்ளோ நேரம் புடிச்சுது?"

"மூணு எண்ற வரைக்கும்."

"எனக்கு ரெண்டுதான். காலையிலயே வந்தா நல்லா கடிக்குமாமே."

"காலையிலதான் ஆவி தூங்கி எழுந்து புதுசா இருக்கும்."

டோன் சிரிலோ உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "டெர்லிஸ், ஒரு கையால மரத்தத் தள்ளு, ஒரு கையால ஆசீர்வாதம் பண்ணு. ரெண்டும் நடக்கட்டும்."

வந்தவர்களில் கிழவிகள் இருந்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. ஆகஸ்டுக்குள் நூற்றுப் பதினான்கு பேருக்குக் கைகொடுத்திருக்கிறேன். எதற்காக எண்ணினேன் என்று தெரியவில்லை.

வரிசை இருக்கும் இடத்துக்கு வேட்பாளர் வருவார். டோன் அபாரிசியோ சிவப்புத் துண்டோடும் போட்டோகிராபரோடும் வந்தார். நான் பாயில் நின்று, இடது கையை மெஷினில் வைத்து, வலது கையைக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் ஷூவுக்குத் தடித்த ரப்பர் அடி.

"இவருக்கு மட்டும் கடிக்கலையே" என்றது வரிசையில் ஒரு குரல்.

"ஆவிக்கும் ஆள் தெரியுது" என்றது இன்னொன்று.

ஊரே சிரித்தது. அவர் முகம் துண்டின் நிறத்துக்கு வந்தது. போட்டோகிராபர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "ஐயா, அந்தக் குழாயப் புடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சாப்ல நில்லுங்க. அங்கதான் வெளிச்சம். இன்னொரு தடவ கைகொடுங்க."

தண்ணீர்க் குழாய் இரும்பு. நேராக மண்ணுக்குள் போகிறது. டோன் அபாரிசியோ அதைப் பிடித்ததை நான் பார்த்தேன். இனி ஷூ அவரைக் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். அன்று காலைதான் கசிவின் அளவை ஒரு படி ஏற்றியிருந்தேன். மெஷினிலிருந்து என் இடது கையை எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை. வலது கையை நீட்டினேன். அவர் நீட்டினார் என்று சாட்சிகள் சொல்கிறார்கள். இல்லை. நான்தான் முதலில் நீட்டினேன்.

அவர் பின்பக்கமாகப் போய், நரம்பு கட்டி நிறுத்தியிருந்த யாழின் மேல் விழுந்தார். முப்பத்தாறு நரம்பும் ஒரே நேரத்தில் பேசின. காறை எலும்பு முறிந்தது. பல்செட் ஜன்னல் வழியாகப் போய் மாமரத்தடியில், எலாடியோ அண்ணனின் எர்த் குழிக்குப் பக்கத்தில் கிடைத்தது. அதனாலேயே இன்ஸ்பெக்டரின் சந்தேகம் அந்தக் குழியின் மேல் போனது. நீலத் துண்டுக்காரன் சிவப்புக் கம்பியை வெறுப்பினால் மாட்டாமல் விட்டான், வேட்பாளரைக் கொல்லத் திட்டமிட்டான் என்று எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவனை என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள்.

போட்டோ பத்திரிகையில் வந்தது. வேட்பாளர் காற்றில் இருக்கிறார். நான் சிரிப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். மின்சாரம் பாயும்போது முகத் தசை சுருங்கும். அது சிரிப்பல்ல.

நேற்று எலாடியோ அண்ணனுக்குச் சிப்பா ரொட்டி கொண்டுபோனேன். அவர் அதைத் தொடவில்லை. லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ கூட இருந்தியே. நான் அந்தத் திருக இறுக்கினேனா இல்லையா?"

"இறுக்கினீங்க அண்ணே."

"எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா இவனுங்க கேக்கக் கேக்க சந்தேகமா வருதுடா. முப்பத்தொரு வருஷம். பள்ளிக்கூடத்துக்கு எர்த் போட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போட்டேன், என் மக வீட்டுக் குளியல் ஹீட்டருக்குப் போட்டேன். இதை விட்டிருந்தா, வேற எதை எதை விட்டேனோ. மகளுக்கு ஆள் அனுப்பி, ஹீட்டரத் தொடாத, பச்சத்தண்ணியில குளின்னு சொல்லிட்டேன்."

பிறகு சொன்னேன். திருகு, உறை, ரெசிஸ்டர், தரை எல்லாம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்றார். அப்புறம் தொழில்காரராகக் கேட்டார்.

"ஷாக் அடிக்கிறப்போ நீ எங்க நின்ன?"

"ரப்பர் பாயில. எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே."

"யார்ரா சொன்னது? பாய் உன் காலுக்கும் தரைக்கும் நடுவுலதான். ஆனா மெஷின்லேர்ந்து அவங்களுக்கு எது வழியா போச்சு? உன் ஒரு கையில ஏறி, நெஞ்சத் தாண்டி, இன்னொரு கையில எறங்கித்தானே போச்சு? அவங்களுக்கு எவ்ளோ அடிச்சுதோ அவ்ளோ உனக்கும் அடிச்சிருக்கும்."

"அண்ணே, நான் படிச்சவன்."

"அதான்டா கேக்குறேன்."

 அவர் கம்பி வழியாகக் கையை நீட்டினார். நான் ரொட்டிப் பையை அதில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதில் அவர் சொன்னது வழக்குக்குத் தேவையில்லாதது. முழுமைக்காகச் சேர்த்தேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்களைச் சீக்கிரம் அனுப்புவதுதான் என் நோக்கம். வேறு நோக்கம் இல்லை.

திருகையும் பச்சை மஞ்சள் உறையையும் இத்துடன் கொடுக்கிறேன். உறையின் உட்பக்கத்தில் எலாடியோ அண்ணன் பேனாவால் தேதியும் 4 ஓம் என்றும் எழுதியிருக்கிறார். அவர் மாட்டினார். நான் கழற்றினேன். அவரை இன்றே விட்டுவிடுங்கள். அவருடைய மகளுக்கும் ஹீட்டர் சரியாக இருக்கிறது என்று யாராவது போய்ச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், என்னை வைக்கப்போகிற அறையின் இரும்புக் கதவுக்கு எர்த் இருக்கிறதா என்று உங்கள் காவலரிடம் கேட்டேன். எலாடியோ அண்ணன் போட்டதாம், நன்றாகவே இருக்கிறதாம். அப்படியும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். பாதுகாப்புக்காகத்தான்.