ஏசி தண்ணீர் குடித்த மரம்

ஏசி தண்ணீரை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, மாளவிகா. நம் அடையாறு ஃப்ளாட்டில் போர் தண்ணீர் ஒரே உப்பு. ஜபுட்டிகாபா மரத்துக்கு உப்பு ஆகாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரிகளான நானும் உன் அம்மா தேவானையும் பன்னிரண்டு வருடம் ஏசி தண்ணீரை பக்கெட்டில் பிடித்து மொட்டைமாடிக்குச் சுமந்தோம். அம்மா கடைசியில் அந்தப் பழத்தைச் சாப்பிட்டாளா என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்குப் பொய் வராது.

விதை ஒரே பாக்கெட். பிரேசில் பழம், கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு கறுப்பாகப் பழுக்கும் என்று படித்துவிட்டு ஆளுக்கொரு தொட்டியில் போட்டோம். ஒரே மண், ஒரே வெயில். தண்ணீர் சுமந்ததில் பாதிக்கு மேல் நான்தான், தேவானைக்கு முட்டிவலி. என் மரம் இலையாகத் தள்ளியது. அவள் மரமோ, கீமோவுக்குப் பிறகு அவள் படுக்கையில் விழுந்த மாதமாகப் பார்த்து, அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று பூத்தது. படுத்துக்கொண்டே ஜெயித்துவிட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வாட்ச்மேன் சேட்டு வேறு, "இன்னா மேடம், அந்தம்மா மரம் பூரா காயா கீது, உன்னுது சும்மா நிக்குது?" என்பான். சிரித்துக்கொண்டுதான் கேட்பான்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். உன் அம்மாவால் மாடி ஏற முடியாது. "பழுத்ததும் மொதப் பழத்தை எனக்குக் கொண்டாந்துடு மணிமொழி. ஒண்ணு போதும். தின்னுட்டுப் போயிடறேன்," என்றாள். சரி என்றேன்.

மறுநாள் காலை ஒன்று பழுத்திருந்தது. பதம் பார்க்காமல் நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? வாயில் போட்டேன். தோல் பட்டென்று உடைந்து வெள்ளைச் சதை வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படி ஓர் இனிப்பை நான் சாப்பிட்டதே இல்லை. அது அவளுடையது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்பது நாள், தினமும் காலையில் தொட்டியருகே நின்று, பழுத்ததையெல்லாம் நானே தின்றேன். கொட்டையைக்கூடத் துப்பவில்லை. அவளிடம் அணில் கடித்துவிடுகிறது என்றேன்.

பத்தாம் நாள் அவள் அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மார்க்கெட்டில் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி, காம்பு கிள்ளி, கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை எடுத்து நெடுநேரம் மென்றாள்.

"வெறும் திராட்சை மாதிரிதான்டி இருக்கு. இதுக்கா பன்னெண்டு வருஷம் தண்ணி சுமந்தோம்?"

"ஆமா தேவானை. எனக்கும் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு."

கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மரத்தை வெட்டிப்போடச் சொன்னாள். இரண்டு நாளில் போய்விட்டாள். நான் அவளுக்கு நல்லதுதான் செய்தேன். அந்த இனிப்பு தெரிந்திருந்தால் அவளுக்குச் சாக மனசு வந்திருக்குமா?

அவள் சொன்னபடி ஒரு மரத்தை வெட்டினேன். என்னுடையதை. அந்த இடத்தில் அவளுடைய இந்தத் தொட்டியை இழுத்து வைத்தேன். இது இரண்டாம் காய்ப்பு. காலையில்தான் பறித்துக் கழுவி வைத்தேன். கூச்சப்படாமல் எடுத்துக்கொள், மாளவிகா. எல்லாம் என் மரத்துப் பழம்.