பண்ணைக் கோழித் தீட்டு

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு நாமக்கல்லில் புறப்பட்ட சேலம் பேருந்து. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. புதன்சந்தை தாண்டியதும், முன் இருக்கையில் இருந்த கோழிப்பண்ணைக்காரர் பக்கத்தில் இருந்த கல்யாணத் தரகரிடம் சொன்னார்:

"அந்த மாப்பிள்ளை வேண்டாமுங்க. அவரு நமக்குப் பங்காளி ஆகோணுமாம்."

"ஏனுங்க, குலம் வேற, கோயில் வேற. மூணு தடவை விசாரிச்சேனுங்க."

"பொண்ணு யுனிவர்சிட்டியில பரிணாம உயிரியல் படிக்கறாளில்லீங்க. ரொம்பப் பின்னாடி போனா எல்லாருக்கும் ஒரே பாட்டனாம். பங்காளிக்குள்ள கட்டற வழக்கம் நமக்கு இல்லையேப்பாங்கறா."

"அப்படிப் பார்த்தா நீங்களும் உங்க ஊட்டுக்காரம்மாவும்?"

"கேட்டனே! அது தெரியாம நடந்து போச்சு, விடுங்கப்பான்னுட்டா."

தரகர் ஜாதகத்தை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தார்.

"அதோட நிக்கலீங்க. கோழியும் பங்காளிதானாம். நம்ம பண்ணையில தினம் ரெண்டு கோழியாவது சாகுது. பங்காளி செத்தாத் தீட்டு. தீட்டோட எப்படிப்பா முகூர்த்தம் வெப்பீங்கன்னு கேக்கறா."

"கோழிக்கெல்லாம் தீட்டுப் பார்த்தா நாமக்கல்லுல ஒருத்தரும் கோயிலுக்குள்ள போக முடியாதுங்க!"

"அப்படித்தான் நானும் சத்தம் போட்டேன். ஆனா மனசு கேக்கலீங்க. வெள்ளிக்கிழமை வெளியவே நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

பேருந்து ஆண்டகளூர் கேட்டில் நின்றது. அங்கே ஆள் இறங்கி ஏறும்போது தரகர் மெல்லக் கேட்டார்.

"இந்தத் தீட்டு எப்பத்தானுங்க கழியும்?"

"கேட்டேனுங்க. பிஎச்.டி. முடிச்ச அன்னிக்குக் கழிஞ்சிருமாம்."