கவிழ்த்து வைத்த சருவம்

ரீத்தா: ...அதத்தான் ஓய் கேக்கேன். குழந்தை ஏசுவுக்குப் பக்கத்துல, மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவுல கவுந்து கெடக்கது எனக்க மீன் சொமக்க அலுமினியச் சருவமா இல்லியா?

யூஜின்: சத்தம் போடாத, பைய பறை பிள்ள. குடில் பாக்க ஆளு வந்து நிக்குது.

ரீத்தா: நிக்கட்டும். காலையில துறைக்குப் போவச் சருவத்தத் தேடி வீட்டயே புரட்டிப் போட்டேன். பொறவு அடுத்த வீட்டுல இரந்து வாங்கிட்டுப் போனேன். கெட்டின மாப்பிள இஞ்ச அதுக்கு வெள்ளப் பெயிண்டு அடிச்சு...

யூஜின்: சாம்பல் கலரு.

ரீத்தா: கலரு கேட்டனா உம்மகிட்ட?

யூஜின்: வேற ஒண்ணும் ஒத்து வரல்ல. கூடையக் கவுத்துப் பாத்தேன், ஒடுங்கிப் போச்சு. பானையக் கவுத்தேன், சிறுசு. உனக்க சருவம்தான் உருண்டையா சரியா நின்னுது.

ரீத்தா: என்னத்துக்கு உருண்ட? பெத்லகேம்ல எங்க ஓய் உருண்ட இருந்துது?

யூஜின்: போன வருசம் கீழத்தெருக்காரனுவ குடிலுக்குள்ள ராக்கெட்டு விட்டானுவ. அதுக்கு முந்தி பேச்சிப்பாறை அணையக் கெட்டி, மதகத் தொறந்து வெள்ளம் விட்டானுவ. பரிசும் வாங்கினானுவ. அப்ப ஆராவது கேட்டியளா, பெத்லகேம்ல அணை இருந்துதான்னு?

ரீத்தா: அணைக்கு எதிரா நான் பட்டினி கெடக்கல்ல. இது என்னது? உம்ம வாயால சொல்லும்.

யூஜின்: அணு உலை.

ரீத்தா: ஆங்! போராட்டப் பந்தலுல பச்ச வெள்ளம் குடிக்காமக் கெடந்தவளுக்க சருவத்துல அணு உலை. கடலுல கறுப்புக்கொடி கெட்டின வள்ளத்துல போனவரு கெட்டின அணு உலை. சேவல் கூவதுக்கு முந்தி மூணு தடவ ஏசுவத் தெரியாதுன்னு சொன்னாரே இராயப்பரு, அவருகூட தோத்துப் போனாரு உம்மகிட்ட.

யூஜின்: நான் எதயும் மறுதலிக்கல்ல.

ரீத்தா: பின்ன இது என்ன? சாமியாரக் கூப்பிட்டு மந்திரிக்கவும் சொல்லும்!

பொன்னுலிங்கம்: தம்பி... சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. பேரு பொன்னுலிங்கம். மயிலாடியிலயிருந்து குடும்பத்தோட குடில் பாக்க வந்திருக்கோம். இது வெடிக்குமா?

யூஜின்: வாறவிய எல்லாரும் இதத்தான் கேக்கியாவ அண்ணாச்சி.

பொன்னுலிங்கம்: வேற என்னத்தக் கேக்க? நெச உலைப் பக்கம் பஸ்ஸுல போம்போது தூரத்துல உருண்ட தெரியும். தெரிஞ்சா போதும், தூங்குதவனும் எந்திச்சுப் பாப்பான். பயந்துக்கிட்டே பாப்போம். உள்ள என்ன நடக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

யூஜின்: நான் சொல்லுதேன். உள்ள யுரேனியம் இருக்கு. அதுல ஒரு அணு ரெண்டா உடையும். உடையும்போ சூடு வரும், கூடவே பொடித் துகளும் தெறிக்கும். அந்தத் துகளு போய் அடுத்தத உடைக்கும். அது அடுத்தத...

ரீத்தா: நம்ம தெருவுல கோளு பரவுத மாதிரி.

யூஜின்: அதேதான். இந்தா, குடைக்கம்பி தொங்குதுல்லா? இத உள்ள இறக்கினா அந்தத் துகள முழுங்கிரும். உடையது நிக்கும். பைய மேல தூக்கினா மறுபடி தொடங்கும்.

பொன்னுலிங்கம்: கொள்ளாமே, நல்லா இருக்கே! பக்கத்துல வருதே, அந்தப் புகை?

யூஜின்: புகை இல்ல, ஆவி. உள்ள இருக்க சூட்ட ஒரு வெள்ளம் எடுத்துட்டு வரும். அத அமுக்கி வச்சிருக்கதுனால கொதிக்காது. அது குழாய்க்குள்ளயே ஓடி, வெளிய இருக்க வேற வெள்ளத்தக் கொதிக்க வைக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. அந்த ரெண்டாவது வெள்ளம் ஆவியாகி காத்தாடியச் சுத்தும், கரண்டு வரும். மேல பாருங்க... நட்சத்திரம் எரியுதா?

பொன்னுலிங்கம்: எரியுது! ஏ, எல்லாரும் இங்க வாருங்க! குடில் நட்சத்திரம் அணு உலையில எரியுது!

ரீத்தா: மூணாவது வெள்ளத்த ஏன் ஓய் சொல்லல்ல?

யூஜின்: எது?

ரீத்தா: நீலக் குழாயில உள்ள போற கடலு. சிவப்புக் குழாயில சூடாத் திரும்பி வாற கடலு. எங்க மீனு எங்க போவும்? அதயும் சொல்லும் மயிலாடிக்காரருக்கு.

யூஜின்: சொல்லத்தான் போறேன். ஆவியக் குளுர வைக்கத்தான் கடல் வெள்ளம். சூடாத்தான் திரும்பும். மறைக்கணும்னா எதுக்குச் சிவப்பு அடிக்கேன்?

பொன்னுலிங்கம்: அது சரி... வெடிக்குமா, வெடிக்காதா?

யூஜின்: குண்டு மாதிரி வெடிக்காது. ஆனா கம்பிய இறக்கி நிறுத்தினாலும் சூடு ஒடனே அடங்காது. வெள்ளம் ஓடிக்கிட்டே இருக்கணும். அது நின்னா... அப்பதான் ஆபத்து.

பொன்னுலிங்கம்: வீட்டுக்காரியும் அந்த வகைன்னு தோணுது. இதுக்குக் கம்பி எங்க தம்பி இருக்கு?

ரீத்தா: ஓய் மயிலாடி! உமக்குச் சிரிப்பு. பாத்துட்டு பஸ் ஏறிருவீரு. நாங்க இஞ்சதான் கெடக்கணும்.

பொன்னுலிங்கம்: தப்பா எடுக்காத தங்கச்சி... நாங்க அடுத்த குடிலப் பாக்கோம்.

ரீத்தா: ...போயாச்சு. இப்ப சொல்லும். ஆரு சொல்லித் தந்தா?

யூஜின்: என்னத்த?

ரீத்தா: துகளு, கம்பி, கலக்காத வெள்ளம். நீரு எட்டாங் கிளாசுல வள்ளத்துக்கு ஓடினவரு. மண்ணெண்ண தீந்தாலே எஞ்சின் கேடுன்னு சொல்லுவீரு.

யூஜின்: யூடியூப்ல பாத்தேன்.

ரீத்தா: உம்ம போனுல பாட்டத் தவிர என்ன ஓடும்? கழத்தும் அத.

யூஜின்: இப்பவா? சாயங்காலம் நடுவருமாரு வாறாவ. நம்ம தெருப் பையன் பெனிஷ் அவனுக்க யூடியூப் சேனலுல போட வீடியோ எடுக்க வாறான்.

ரீத்தா: வீடியோவா! உம்ம மொகமும் வருமா அதுல?

யூஜின்: நான்தான விளக்கஞ் சொல்லணும். வராம?

ரீத்தா: செத்தோம். கழத்தும்ன்னு சொல்லுதேன். இல்லேன்னா காலால சவுட்டி நெளிச்சிருவேன். எனக்க சருவம், நானே நெளிப்பேன்.

யூஜின்: சவுட்டு! சவுட்டு, பாப்போம். எனக்கும் கோவம் வரும் ரீத்தா. நான் என்ன, பரிசுக்கா கெட்டினேன்? சங்கதி ஊருக்குத் தெரியதுக்கு முந்தி நம்ம ஆளுவ ஒருக்கா இதக் கிட்ட நின்னு பாக்கட்டும்ன்னு கெட்டினேன். நாளைக்கு நம்ம மேல கல்லெடுக்க வாற கை கொஞ்சம் யோசிக்கட்டும்ன்னு.

ரீத்தா: என்ன சங்கதி?

யூஜின்: ஒண்ணும் இல்ல.

ரீத்தா: என்ன சங்கதி ஓய்?

யூஜின்: ...நம்ம மவ சுஜி. சென்னையில கம்பெனி வேலன்னு சொல்லிட்டுப் போனால்லா... கம்பெனி இல்ல. பரீட்ச எழுதி அணு உலையில வேல கெடச்சிருக்கு. பயிற்சியில இருக்கா. முடிச்சா இந்த உருண்டைக்குள்ளதான் வருவா. உனக்கிட்ட சொல்லாதன்னா. அம்மா கேட்டா நெஞ்சடைச்சுப் போவான்னா. திட்டு. அடிக்கணும்னா அடி. அன்னைக்குப் போராட்டத்துக்கு வள்ளத்துல அவளயும் கூட்டிட்டுப் போனேன்லா? சின்னப் பிள்ள, நெத்தியில கறுப்புத்துணி. நாங்க எல்லாரும் தொண்ட கிழியக் கோஷம் போடுதோம். இவ அந்த உருண்டையவே பாத்துக்கிட்டு, 'அப்பா, அதுக்குள்ள என்ன இருக்கு?'ன்னு கேட்டா. சாவு இருக்குன்னேன். 'சாவு எப்பிடி கரண்டு உண்டாக்கும்?'ன்னா. எனக்குச் சொல்லத் தெரியல்ல ரீத்தா. அந்தக் கோவம் இன்னும் எனக்கு அடங்கல்ல. நம்ம சொன்னது தப்புன்னு இப்பவும் நான் சொல்லல்ல. ஆனா அன்னைக்கு அவ கேட்டதுக்கு, இப்ப அவளே போனுல எனக்குப் பதில் சொல்லித் தாறா.

ரீத்தா: அம்மாகிட்ட சொல்லாதன்னாளா உம்மகிட்ட?

யூஜின்: சத்தியம் வாங்கினா.

ரீத்தா: எனக்கிட்ட அப்பாவுக்குத் தெரியாண்டாம்ன்னு சத்தியம் வாங்கினா, கள்ளி.

யூஜின்: உனக்கு... உனக்குத் தெரியுமா? பின்ன எதுக்கு ஊரு கூட்டுத? தெரிஞ்சுக்கிட்டா இதக் கழத்தச் சொல்லுத?

ரீத்தா: தெரிஞ்சதுனாலதான் ஓய் சொல்லுதேன்! வீடியோவுல உம்ம மொகத்தக் கண்டு, அன்னைக்குக் கொடி பிடிச்சவன்தான இவன்னு எவனாவது கீழ எழுதுவான். அவளுக்க வேல போயிரும். நீரு கடலுல கெடந்தப்போ போலீசு விசாரிக்க வந்துது, அவளுக்க வேலைக்கு. மாப்பிள போராட்டத்துக்குப் போனாரான்னு கேட்டாவ. கேசுல நம்ம பேரு இல்லேல்லா, அந்தத் தைரியத்துல இல்லேன்னேன். நீ போனியான்னாவ. பந்தல் எந்தத் தெசையில கெடக்குன்னே தெரியாதுன்னேன். போன ஆளுவள ஆரயாவது தெரியுமான்னாவ. ஒருத்தரயும் தெரியாதுன்னேன். எனக்ககூட பட்டினி கெடந்தவ பக்கத்து வீட்டு முத்தத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா ஓய்... இராயப்பருன்னு உம்மச் சொன்னேன். மூணு தடவ சொன்னது நானாக்கும். சேவல் ஒண்ணுதான் கூவல்ல.