ரூம் எடுக்காதவர்கள்

—நிக்காதீங்க அத்தை, நடந்துக்கிட்டே இருங்க. வாசல்ல நின்னு யோசிக்கறவங்களைத்தான் 'யாரைப் பாக்கணும்'னு கேப்பாங்க.

—நான் எங்க யோசிச்சேன்? கண்ணாடிக் கதவு, மூக்குல இடிச்சுக்கக் கூடாதேன்னு நின்னேன்.

—அது தானா தொறந்துடும். நீங்க பாட்டுக்கு உங்க வீட்டுக்குள்ள போற மாதிரி போங்க. அவ்வளவுதான், சிம்பிள்.

—என் வீடு இல்லையே மருமகளே. ரூம் எடுக்காம ஸ்டார் ஹோட்டலுக்குள்ள நுழையறதுக்கு இவ்வளவு தெனாவெட்டா?

—தெனாவெட்டு இல்ல, நிமிர்ந்து நடக்கறது. பாத்தீங்களா, வாசல்காரர் உங்களுக்கு சல்யூட்டே அடிச்சுட்டாரு! ஒரு வருஷமா வர்றேன், எனக்கு வெறும் தலையாட்டல்தான்.

—நரைச்ச தலைக்கு மரியாதை. அது கிடக்கட்டும். நாம வந்த வேலையைப் பாப்போம். ராத்திரி உன் நாத்தனார் வர்றா. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே என்னைத்தான் கேப்பா, 'மத்தியானத்துல இவ ஸ்டார் ஹோட்டலுக்குள்ள போறாளாமே, நீ போய்ப் பாத்தியாம்மா?'ன்னு.

—நல்லாப் பாருங்க. அதுக்குத்தானே உங்களைக் கூடவே கூட்டிக்கிட்டு சுத்தறேன். காலைலேருந்து எத்தனை டாக்டரைப் பாத்தோம்? ஒரு கிளினிக்லயாவது மருந்துக் கம்பெனி ரெப் போறதுக்கு ஒரு பாத்ரூம் இருந்துச்சா?

—நோயாளிக்கே பூட்டுப் போட்டு வெச்சிருக்கான் ஒருத்தன்.

—சாவி கேட்டா தண்ணி வரலைம்பாங்க. எங்க கம்பெனி ஆம்பளைங்க எந்தச் சுவரோரமாவது ஒதுங்கிடுவாங்க. நான் எங்க ஒதுங்கறது? வேலைக்குச் சேந்த புதுசுல, வெளிய போகணுமேங்கற பயத்துலயே நாள் பூரா தண்ணி குடிக்காம சுத்தினேன். அப்புறம் ஜுரத்துல படுத்தேனே, ஞாபகம் இருக்கா?

—வெயில் ஒத்துக்கலன்னு சொன்னே.

—வெயிலும் இல்ல, மண்ணும் இல்ல. நீர்க்கடுப்பு. மருந்து விக்கப் போனவ மருந்துச் சீட்டோட திரும்பி வந்தேன். சீட்டு எழுதின டாக்டரம்மாதான் சொன்னாங்க, 'பெரிய ஹோட்டலா பாத்து தைரியமா உள்ள போ, படிக்கற காலத்துல நானும் அப்படித்தான்'னு.

—இதை அன்னைக்கே வீட்ல சொல்லியிருக்கலாமே.

—எப்படிச் சொல்றது? எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது 'அத்தை, குழம்பை இப்படித் தள்ளுங்க, எனக்கு ஒண்ணுக்குப் போக ஊர்ல இடமே இல்ல'ன்னா?

—மெதுவா!

—அதுவும் சரிதான். லாபில குரலை உசத்தக் கூடாது. நானே வெச்ச சட்டம், நானே மீறிட்டேன். வாங்க, இப்படி இடது பக்கம்... அட, நீங்களே திரும்பிட்டீங்க.

—போர்டு போட்டிருக்கே.

—செடிக்குப் பின்னாடி இருக்கற போர்டு அது! என் கண்ணுல படவே ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்ல போலிருக்கே.

—பேச்சைக் குறை. உள்ள போ, நான் முகம் கழுவிக்கறேன்.

—குழாயைத் திருகிடாதீங்க அத்தை, கையைக் காட்டினா...

—கொஞ்சம் சாய்ச்சுக் காட்டணும். நேரா நீட்டினா வராது.

—அதெப்படித் தெரியும்?

—தண்ணி வந்துடுச்சே, தெரியல? அது கிடக்கட்டும், துடைச்சுக்கறதுக்கு இது எடுக்கலாமா?

—ஒண்ணு எடுக்கலாம். துடைச்சிட்டு அந்தக் கூடைல போட்டுடணும். போன வாரம் ஒரு அம்மா, நல்ல வசதியான அம்மா, துண்டுல ஒரு அடுக்கையே கைப்பைக்குள்ள தள்ளினாங்க. சோப்புப் புட்டியையும் ஒரு நோட்டம் விட்டாங்க. நான் இருமினதும் வெச்சுட்டாங்க.

—சீ! இந்த மாதிரி ஆளுங்களாலதான் எல்லாருக்கும் கெட்ட பேரு.

—அதேதான். நான் கிளம்பறதுக்கு முன்னாடி, தெறிச்ச தண்ணியை எல்லாம் துடைச்சு விட்டுட்டுத்தான் போவேன். இங்க சுத்தம் பண்ற அக்காகிட்ட 'சாப்டாச்சா'ன்னு கேக்காம வெளிய போனதில்ல. அவங்க என்னை ஒரு நாளும் ஏன் வந்தேன்னு கேட்டதில்ல. ஒரு நாள் வரலைன்னாதான் ஏன் வரலைன்னு கேப்பாங்க.

—நீச்சல் குளத்துப் பக்கம் போனதுண்டா?

—ஐயோ, சத்தியமா இல்ல. குளம், ஜிம், காலை டிபன் மூணும் காசு கட்டி ரூம் எடுத்தவங்களோடது. நமக்குத் தண்ணி, காத்து, உக்கார ஒரு இடம். அதுவும் பெட்டி படுக்கையோட கூட்டம் வந்து இறங்கினா முதல்ல எழுந்திருக்கறவ நானாத்தான் இருப்பேன்.

—இவ்வளவு நியாயம் பேசறியே, யாராவது வந்து 'ரூம் நம்பர் என்ன'ன்னு கேட்டா?

—ரூம் இல்லைம்பேன். பொய் சொன்னாத்தான் மாட்டிக்குவோம். 'ரூம் இல்ல, வெளில வேலை, அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்'னு முகத்தைப் பாத்துச் சொன்னா யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட மாட்டாங்க. ஒரே ஒரு தடவை ஒருத்தர் கேட்டாரு. சொன்னேன். தண்ணி கொண்டு வரட்டுமான்னு கேட்டுட்டுப் போனாரு.

—கெட்டிக்காரிதான்.

—இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா? வாங்க, அந்த சோபாவுல கொஞ்சம் சாஞ்சுக்குவோம்.

—அது வேண்டாம். உக்காந்தா ஆளே உள்ள போயிடும், எழுந்திருக்க கிரேன் கொண்டு வரணும். இந்த மர நாற்காலி போதும்.

—உக்காராமலே எப்படி அத்தை...

—இடுப்பு வலி வந்தவளுக்கு எல்லா சோபாவும் பாத்தாலே தெரியும். நீ வாங்குன மாத்திரையத்தான் விழுங்கிக்கிட்டிருக்கேன்.

—வணக்கம் மேடம். வழக்கம் போலத்தானே?

—ஆமா, ரெண்டு டீ. பாத்தீங்களா அத்தை, வாரத்துக்கு ஒரு தடவை டீ வாங்கறதுக்கே இந்த சர்வர் ஞாபகம் வெச்சிருக்காரு! அதுவும் என் சட்டம்தான். விலையைப் பாத்தா நெஞ்சு அடைக்கும், ஆனாலும் வாங்கிடுவேன். அப்பதான் மத்த நாள்ல தலை நிமிரும்.

—நீ வர்ற நாள்ல எல்லாம் இவன்தான் இருப்பானா?

—பாதி நாள். ஏன்?

—சும்மா கேட்டேன்.

—அத்தை, நானும் ஒண்ணு சும்மா கேக்கறேன். உங்க மகளுக்கு இந்த விஷயம் யார் சொல்லித் தெரிஞ்சுது?

—நான்தான் சொன்னேன்.

—நீங்களா?

—போன்ல பேசிக்கிட்டிருந்தேன். 'மருமகளை ஸ்டார் ஹோட்டல்ல பாத்ததா சேதி வந்துச்சு, இந்த நேரத்துல அங்க என்ன வேலையோ'ன்னு வாய் தவறி வந்துடுச்சு. என் மகளைப் பத்தித் தெரியும்ல? அகப்பட்டதை விடுவாளா? தம்பிக்குப் போன் போட்டு, 'வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்ல உக்காரச் சொல்லு'ன்னு ஆடிட்டா. அவனும் 'அம்மா போய்ப் பாத்துட்டு என்ன சொல்றாங்களோ அதான்'னு நழுவிட்டான்.

—உங்க பிள்ளை நழுவறதுல டாக்டர் பட்டமே வாங்கலாம். என் வேலை போகுமா நிக்குமாங்கறது இப்ப உங்க வாயில இருக்கு.

—பயமா இருக்கா?

—இல்ல. கோபமா இருக்கு. ஒருத்தி என்னைப் பாத்தாளாம். பாத்தவ என்கிட்ட வந்து 'என்னம்மா இங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அத்தனையும் சொல்லியிருப்பேனே. கேக்கல. நேரா உங்க காதுல கொண்டு வந்து கொட்டிட்டா. யார் அத்தை அவ?

—நம்மளுக்குத் தெரிஞ்சவதான்.

—எங்க வெச்சுப் பாத்தாளாம்? தெருவுலயா?

—உள்ளதான். நீ அந்தச் செடிப் பக்கமிருந்து தலையைச் சரி பண்ணிக்கிட்டு வந்தியாம். உதட்டுக்குச் சாயம் வேற போட்டிருந்தியாம்.

—அடுத்த டாக்டரைப் பாக்கப் போறவ தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டா போவா? சரி, உள்ளன்னா... அவ உள்ள என்ன பண்ணினா? மத்தியானத்துல நான் இங்க வர்றது தப்புன்னா, அவ மட்டும் என்ன, பால் பாக்கெட் வாங்கவா வந்தா?

—அதை நான் கேக்கல.

—கேட்டிருக்கணும்! முதல் கேள்வியே அதுதான் கேட்டிருக்கணும். வேலைவெட்டி இல்லாதவ, ஓசில ஏசி காத்து வாங்கிக்கிட்டு, போற வர்றவளை எல்லாம் வேவு பாத்துக்கிட்டு...

—அப்படிச் சொல்லாதே.

—நீங்க ஏன் அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க? நான்தான் உங்க மருமக.

—பரிஞ்சுக்கிட்டு வரல. அவளுக்கும் ஏதாவது இருக்கும். சில வீட்ல எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேக்கும். ஒரு நாள் கேக்கலாம், ரெண்டு நாள் கேக்கலாம். எத்தனை நாளைக்குத்தான் அதையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது? நாலு முகத்தைப் பாக்கணும்னு தோணும். உனக்கு வெளிய போக ஒரு இடம் வேண்டியிருந்துச்சு. அவளுக்கு உக்கார ஒரு இடம் வேண்டியிருந்திருக்கும்.

—அப்ப அவளும் என் ஜாதிதான், ரூம் எடுக்காத ஜாதி! நமக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுக்கலாமா? இது எவ்வளவு பெரிய துரோகம்! என் சட்டத்துல இதுக்கு மன்னிப்பே இல்ல.

—மன்னிப்பே இல்லையா?

—அவ வந்து நேர்ல கேட்டா யோசிப்பேன். டீ வாங்கிக் கொடுத்தா, கொஞ்சம் சீக்கிரமா யோசிப்பேன்.

—டீ மேடம். இது சர்க்கரையோட. இது சர்க்கரை இல்லாம, கூட வெந்நீர்.

—ஏங்க, சர்க்கரை வேண்டாம்னு நாங்க சொல்லவே இல்லையே?

—எனக்குத்தான், இப்படிக் கொடு தம்பி. வயசானவங்கன்னா அவங்களே புரிஞ்சுப்பாங்க. நீ ஆற வைக்காம குடி. இரு, போன் அடிக்குது. உன் நாத்தனார்தான்.

—ராத்திரி வரைக்கும் கூட அவங்களால பொறுக்க முடியல பாருங்க. பேசுங்க அத்தை. நான் எழுந்து தள்ளிப் போகணுமா?

—எங்கயும் போகாதே, உக்காரு. ஹலோ... சொல்லுடி... ஆமா, உள்ளதான் இருக்கேன்... பாத்தேன், எல்லாத்தையும் பாத்தேன். காலைலேருந்து இவ பின்னாடி சுத்தி என் முட்டி கழண்டுடுச்சு, இவ இதைத் தினமும் பண்றா... என்ன ரகசியம்? கை கால் கழுவ வர்றா. அவ்வளவுதான்... சிரிக்காதே. நீ ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறவ, நாலு எட்டு வெச்சா பாத்ரூம். இவளுக்கு ஊர்தான் ஆபீஸ்... கேளுடி முழுசா. அந்தப் பாத்தவகிட்ட நான் நேராவே பேசிட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு அவளுக்கு, வாய்தான் சரியில்ல. விசாரிக்காம உளறிட்டா, இனிமே திறக்க மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு... தம்பிகிட்ட நானே சொல்லிக்கறேன். வேலையை விடற பேச்சை இனிமே யாரும் என் காதுல போடக் கூடாது... ராத்திரி வா, சாப்பிடு, குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு வா. இந்தப் பேச்சு வேண்டாம்... யாருன்னு உனக்கு எதுக்கு? வெச்சுடு.

—அத்தை...

—என்ன, கண்ணு கலங்குது? இவ்வளவு நேரம் கோபம்னே?

—கோபம் போயிடுச்சு. நீங்க இப்படி எனக்காகப் பேசி நான் கேட்டதே இல்ல. டீ இன்னைக்கு என் கணக்கு, இன்னும் ஒண்ணு சொல்லட்டுமா?

—வேண்டாம், ராத்திரி தூக்கம் வராது. உனக்கு அடுத்த டாக்டர் எப்ப?

—இன்னும் நேரம் இருக்கு. இப்பவாவது சொல்லுங்க. அவகிட்ட நேரா பேசிட்டீங்க, பிரச்சினையும் முடிஞ்சுது. நான் சண்டைக்குப் போக மாட்டேன், சத்தியம். நாளைக்கு இங்க வந்தா எந்த நாற்காலில இருப்பான்னு மட்டும் சொல்லுங்க. போய் 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டுட்டு வந்துடறேன்.

—கேப்பியா?

—கேப்பேன். பக்கத்துலயே உக்காந்து கேப்பேன்.

—மன்னிக்கணும் மேடம், குறுக்க பேசறேன். தூணுக்குப் பின்னாடி அந்த நாற்காலி இப்பதான் காலியாச்சு. பேப்பரும் எடுத்து வெச்சுட்டேன்.

—எனக்கா? ஆள் மாறிப் போச்சுங்க. நான் தூண் பக்கம் உக்காந்ததே இல்லையே.

—உங்களுக்கு இல்ல மேடம். அம்மாவுக்கு.

—அத்தை!!

—மெதுவா. லாபில குரலை உசத்தக் கூடாதுன்னு நீதானே சட்டம் வெச்சே? டீயை எடுத்துக்கிட்டு வா, என் நாற்காலிக்கு எதிர்ல இன்னொண்ணு இருக்கு.