ஆள் இல்லை என்ற கதவுகள்

நான் வாய் திறப்பதற்கு முன்பே மேசை மணியைத் துடைத்து வைத்துக்கொண்டு, என் மேல் ஒரு கண்ணும் கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணுமாக வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! பலகை எழுதுவோர் சங்கத்தைத் தோளில் தூக்கித் தூக்கித் தோளே தேய்ந்துபோன பெரியோர்களே! வெயிலில் ஏணி ஏறி, வெறுங்கையால் கோடிழுத்து, வீதிக்கெல்லாம் முகவரி தந்த என் தொழில் தோழர்களே! வீட்டு வேலையைப் பாதி முடித்தும் பாதி முடிக்காமலும் ஓடிவந்து, இடுப்பில் பிள்ளையோடு பின்னால் நிற்கும் தாய்மார்களே! நிற்காதீர்கள் அம்மா. முன் வரிசையில் நாற்காலி இருக்கிறது. "பிரமுகர்களுக்கு மட்டும்" என்று அதில் எழுதியவள் நான்தான். நான் எழுதியதை நானே அழிக்கிறேன், வந்து உட்காருங்கள். உங்கள் அனைவரையும், எத்தனை சோப்புப் போட்டாலும் கறுப்பு போகாத இந்தக் கைகளைக் கூப்பி வணங்குகிறேன்!

சற்று முன் பேசிய செயலாளர் எனக்கு "எழுத்தரசி" என்று பட்டம் சூட்டினார். அரசிக்கு அரண்மனை வேண்டாமா? இருக்கிறது ஐயா. எட்டடிக்குப் பத்தடி, தகரக் கூரை, உள்ளே நுழைந்தால் மூக்கைப் பிய்க்கும் டர்பன்டைன் வாசனை. இருந்தாலும் பட்டத்தை மறுக்கமாட்டேன். தன்னடக்கம் எனக்கு ஒத்துவராத சரக்கு. இருபத்தாறு வருடம் ஏணி உச்சியில் நின்றவளை இறங்கு என்றால் உடனே இறங்கிவிடுவாளா?

நான் கேட்கிறேன், இந்த ஊரில் என் எழுத்தைப் படிக்காமல் யாராவது ஒரு நாளைக் கழித்ததுண்டா? மருந்துக் கடையில் என் எழுத்து. பள்ளிக்கூட வாசலில் என் எழுத்து. "இங்கே எச்சில் துப்பாதீர்" என்ற சுவரில், எச்சிலுக்கு அடியில், அதுவும் என் எழுத்து! நகராட்சி அலுவலகத்தில் "அனுமதியின்றி உள்ளே வராதீர்" என்பது யார் எழுதியது? நான். அந்தக் கதவுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரியின் பெயர்ப் பலகை? அதுவும் நான். அவர்கள் வாசலில் அவர்கள் பெயரை எழுதிய கைதான், எங்கள் வாசலில் எங்கள் பெயரையும் எழுதியது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

போன வருடம் அரசாங்கம் ஓர் அறிவிப்பு விட்டது. வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். சுத்தம்! சொல்லும்போதே வாய் மணக்கிறதே, எவ்வளவு நல்ல சொல்! வீடு வீடாக ஆள் வருவார், கதவைத் தட்டுவார், ஆள் இருந்தால் சரி என்று குறிப்பார், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார். எங்கள் வரிசை வீடுகளுக்கு ஆள் வந்தார். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் எத்தனை மணிக்கு வந்தார் தெரியுமா? காலை பதினொரு மணிக்கு! உழைத்துச் சாப்பிடுகிறவன் எவன் ஐயா பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பான்? பூட்டுத்தான் இருக்கும். பூட்டைப் பார்த்தார், "ஆள் இல்லை" என்று எழுதினார், போய்விட்டார். நூற்று நாற்பத்திரண்டு பெயர்கள் காணாமல் போயின.

போனால் போகட்டும், ஒரு ஓட்டுத்தானே என்று நினைப்பீர்கள். வரப்போவது நகராட்சித் தேர்தல். எங்கள் வரிசை வீடுகளை இடிப்பதா விடுவதா என்பதை முடிவுசெய்யப்போகும் தேர்தல். இடிப்போம் என்று ஒரு கட்சி வெளிப்படையாகவே பேசுகிறது. யார் வீட்டை இடிக்கப் போகிறார்களோ, அவர்கள் பெயரை முதலில் எடுத்துவிட்டார்கள். கணக்காகத்தான் செய்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

அந்த நூற்று நாற்பத்திரண்டில் என் அண்ணியும் ஒருவர். என் அண்ணன் மனைவி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஐந்தரை பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். அண்ணன் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார், எனவே வீட்டில் எப்போதும் பூட்டு. பட்டியலைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தார். அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"சுத்தம் பண்ணுறாங்களாமே? முப்பது வருஷமா அழுக்கு எடுக்கிறவ நான். அழுக்கை எடுத்தா சலவை. துணியையே காணாம அடிச்சா அதுக்குப் பேரு என்னடி?"

நான் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தேன். 

"ஊருக்கெல்லாம் போர்டு எழுதுறியே, என் கதவுல நான் இருக்கேன்னு ஒண்ணு எழுதித் தரக் கூடாதா?"

இதோ, இவ்வளவுதான் தொடக்கம்! மாநாடு கூட்டவில்லை, தீர்மானம் போடவில்லை. ஒரு சலவைக்காரி கேட்டாள், ஒரு பலகைக்காரி எழுதினாள். சுண்ணாம்பு நூலடித்துக் கோடு போட்டு, நாலு விரல் உயரத்தில், அண்ணியின் முழுப் பெயர். அதன் கீழே, "இங்கேதான் இருக்கிறேன்." அதன் கீழே கதவு எண். இரண்டு பூச்சு, நல்ல கறுப்பு.

மறுநாள் காலை என் கடை வாசலில் கூட்டம். "என் கதவுக்கும் எழுதுங்க" என்று கண்ணாடி வெட்டுகிறவர் வந்தார். தன் பெயருக்கு மட்டும் நிழல் கொடுத்து எழுத வேண்டுமாம். அண்ணிக்கு அடுத்த வீட்டுத் தையல்காரம்மா சிவப்புத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். முடியாது என்றேன். பட்டியலில் ஒருவர் பெயர் பெரிது, ஒருவர் பெயர் சிறிதா? எல்லாருக்கும் அதே நாலு விரல், எல்லாருக்கும் அதே கறுப்பு! அதோ மூன்றாம் வரிசையில் மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிற தோழரும் இன்னும் மூவரும் தூரிகையோடு வந்தார்கள். ஒன்பது நாளில் நூற்று நாற்பத்திரண்டு பெயர்களும் கதவேறின. கைதட்டுவதாக இருந்தால் அந்த நால்வருக்குத் தட்டுங்கள்... இன்னும் கொஞ்சம்... ஆங், அது!

பத்திரிகையில் படம் வந்தது. ஓவியக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தேடி வந்து, "இது எழுத்தால் ஆன எதிர்ப்புக் கலை" என்று அரை மணி நேரம் விளக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, பெருமையில். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சார், மழை பெஞ்சா அழியுமா?" என்றார். "எங்க நாத்தனார் எழுதினது அழியாது" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பட்டம் கொடுத்த செயலாளர் கோபிக்கக் கூடாது, அன்றைக்கே எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது.

ஆனால் தோழர்களே, இதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் செய்யக்கூடிய காரியம். நாம் ஒரு பலகை எழுதி முடித்தால் கடைசியாகக் கை எங்கே போகும்? சொல்லுங்கள்! அதேதான்! வலது பக்க அடி மூலைக்கு! அரசாங்கத்தை எதிர்த்து எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், நூற்று நாற்பத்திரண்டு பெயருக்கும் கீழே என் கடைப் பெயர், என் தொலைபேசி எண், "எழுத்து வேலைகளுக்கு அணுகவும்"! திருடப் போனவன் விலாசச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்த கதை. சிரிக்காதீர்கள், பின் வரிசை. நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

பத்தாம் நாள் தொலைபேசி அடித்தது.

"கதவுல எழுதினது நீங்கதானா?" என்றது ஓர் ஆண் குரல்.

"ஆமாங்க, நான்தான். உங்களுக்கு எத்தனை அடி போர்டு?" என்றேன்.

"நான் நகராட்சி ஆபீஸ்லேருந்து பேசுறேன்மா."

"அடடே, உங்க வாசல் போர்டு மங்கிப் போச்சா? இந்த வாரமே வந்து பண்ணித் தர்றேங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நோட்டீஸ் வரும்மா" என்று வைத்துவிட்டார்.

வந்தது! சும்மா வரவில்லை. என் ஒருத்திக்கு மட்டும் வரவில்லை. நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் வந்தது! பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டு. பெயர் எங்கே கிடைத்தது? கதவில் நான் எழுதியதைப் பார்த்து வரி விடாமல் எழுதிக்கொண்டு போனார்கள். கதவு எண்? அதுவும் என் எழுத்துத்தான். நோட்டீசைக் கொண்டுவந்தவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கையில் கொடுத்து, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நோட்டீஸ் எந்த நாளில் வரும் என்று ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏறக்குறைய எல்லாருமே அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். யாருமே இல்லை என்று எழுதிய வீட்டில் யாருக்கு ஐயா நோட்டீஸ் கொடுத்தார்கள்? பூட்டுக்கா? பல்லிக்கா?

(தலைவர் மணி அடித்துவிட்டார். ஐயா, கதை இப்போதுதான் கதவைத் திறந்திருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். நன்றி.)

நீக்கிய பெயரைச் சேர்க்கக் கேட்டு நாங்கள் போட்ட மனுக்களுக்கு விசாரணை நாள். தாழ்வாரம் முழுக்க எங்கள் சனம். மேசைக்குப் பின்னால் ஆபீசரம்மா. முதலில் போனவர் கண்ணாடி வெட்டுகிறவர்.

"இந்த விலாசத்துல நீங்க குடியிருக்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"நீங்க குடுத்த நோட்டீஸ்தாங்க."

"இது விளக்கம் கேட்டுக் குடுத்த நோட்டீஸ்ங்க."

"ஆமாங்க. பேரு என்னோடது, கதவு நம்பர் என்னோடது, வாங்கிக்கிட்ட கையெழுத்தும் என்னோடது. கீழே முத்திரை மட்டும் உங்களது."

ஆபீசரம்மா நோட்டீசை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஆள் வாய் சும்மா இருக்குமா? "வேணும்னா நல்ல கண்ணாடியா ஒண்ணு வெட்டித் தரட்டுங்களா?" என்றார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த ஆள்" என்றார். அன்று மாலைக்குள் நூற்று முப்பத்தைந்து பெயர்கள் பட்டியலில் திரும்ப ஏறின! அடித்தவர்கள் கையாலேயே எழுதவைத்தோம்! ஆயுதம் எடுத்தோமா? இல்லை! ஆளை அடித்தோமா? இல்லை! அவரவர் கதவில் அவரவர் பெயரை எழுதினோம். ஆட்சிக்கு அதற்கே வியர்த்தது. கோஷம் போட்டால் தொண்டை கட்டும்போது நின்றுவிடும். எழுத்து அங்கேயே நின்று, போகிறவன் வருகிறவன் எல்லாரையும் கேள்வி கேட்கும். இந்தத் தொழிலில் பிறந்ததற்காக, இந்தத் தூரிகையைத் தொட்டதற்காக, நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன், நான் பெருமைப்படுகிறேன்!

கை தட்டுங்கள். தட்டி முடித்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். நூற்று நாற்பத்திரண்டில் நூற்று முப்பத்தைந்து போனால் மீதி எத்தனை?

ஏழு. அந்த ஏழு பேருக்கு நோட்டீஸ் வந்த அன்று லீவு கிடைக்கவில்லை. அவர்கள் நோட்டீஸ் "ஆள் இல்லை" என்ற அதே குறிப்போடு அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விட்டது. அந்த ஏழில் ஒருவர் என் அண்ணி. முதல் பெயர் எழுதப்பட்டது அவர் கதவில். இன்றுவரை பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அழுதுவிட்டார். "அக்கா, நான் ஆபீசுக்குப் போய் உங்க கையெழுத்தைப் போட்டு அந்த நோட்டீசை வாங்கிட்டு வர்றேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அண்ணி மறுத்துவிட்டார். "இல்லாதவளுக்குத்தான் பொய் வேணும். இருக்கிறவளுக்கு எதுக்கு?"

செயலாளர் அண்ணியையும் மேடைக்கு அழைத்துவரச் சொன்னார். எங்கே அவர் என்று நீங்களும் தேடுகிறீர்கள். தேடாதீர்கள். இப்போது மணி பதினொன்று. அவர் வேலையில் இருக்கிறார். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

நாளை காலை பத்து மணிக்கு அந்த ஏழு பேருக்கும் மறு விசாரணை. அதற்காக ஒரே ஒரு நாள் லீவு வாங்கி வைத்திருக்கிறார் அண்ணி. காகிதம் இல்லாவிட்டால் நேரில் கண்டவர் சாட்சி போதும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் இந்த மண்டபத்து வெளி வாசலில் நாற்பதடி நீளத்துக்கு வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறேன். ஏழு பேர் பெயரும் மேலே இருக்கிறது. கீழே நீங்கள் எழுத வேண்டும். அவர்களில் யாரை, எங்கே, எப்போது பார்த்தீர்கள்? ஒரு வரி, உங்கள் கையெழுத்து, உங்கள் விலாசம்.

அண்ணி பெயருக்குக் கீழே மூன்று வரி வந்துவிட்டது. பஸ் கண்டக்டர் எழுதியிருக்கிறார், "காலை ஐந்தரை வண்டி, முன் படி, பதினோரு வருடமாக ஏறுகிறார், சில்லறை சரியாகத் தருவார்." தையல்காரம்மா எழுதியிருக்கிறார், "என் மிஷினுக்கு எண்ணெய் விட மறந்தால் திட்டுவார்." மூன்றாவது என் வரி. அதை இங்கே சொல்லமாட்டேன், போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

தொழில் தோழர்களுக்கு ஒரு கண்டிப்பு. யாருடைய வரியையும் திருத்தாதீர்கள். கோணல் இருக்கட்டும், மை வழியட்டும். நமக்கு அழகாக எழுதத் தெரியும், அது நாளைக்கு உதவாது. நாளைக்கு அந்த மேசை மேல் விரிய வேண்டியது ஒரு பலகைக்காரியின் வேலை அல்ல, ஊரின் சாட்சி! எழுதத் தெரியாத அம்மா யாராவது இருந்தால் கைநாட்டு வையுங்கள், அதையும் யாராலும் அழிக்க முடியாது!

மணியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், சூட்டிய பட்டத்துக்கு ஏற்ப நடந்துகொள்ள என்னைக் கட்டாயப்படுத்திய சங்கத்துக்கும், நாற்காலியை விட்டு எழுந்து தாய்மார்களுக்கு இடம் தந்த பெருந்தன்மையாளர்களுக்கும் நன்றி சொல்லி வணங்குகிறேன். மாலை நான் அண்ணி வீட்டுக்குப் போகிறேன். எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்பார். என்ன சொல்லட்டும் என்பதை நீங்கள் வாசலில் முடிவுசெய்யுங்கள். வணக்கம்!