டிவியில் காட்டிய ஜெயில்

கிங்ஸ் சர்க்கிள் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகச் சொன்னாள்: “ஏட்டி, எந்தம்பி ஜெயில்ல இருந்து குண்டாயிட்டு வந்திருக்கான்!”

“வெளிநாட்டு ஜெயில்லயாக்கா? டிவியில பயங்கரமால்லா காட்டுதான்?”

“அதப் பாத்துட்டுத்தான் இத்தன நாளும் சோறு எறங்காம அழுதேன். விசா முடிஞ்சிட்டுன்னு புடிச்சாங்க, போனும் இல்ல. நேத்து வாசல்ல வந்து நிக்கான், கன்னம் உப்பி! ஜெயிலுக்குள்ளயே சமையல் வேலை குடுத்தாங்களாம்.”

“அப்ப டிவி சொன்னது பொய்யா?”

“டிவிக்காரன் காட்டுன ஜெயில் வேறயா இருக்கும். இல்ல, நான் அழுவேன்னு எந்தம்பிதான் மறைக்கானோ என்னமோ. ஆனா தொந்தி பொய் சொல்லுமாட்டி?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிறுத்தம் வந்தது.

“அவனுக்குப் பழைய பேண்ட் ஒண்ணும் இடுப்புல ஏறல. புதுசு எடுக்கணும், வா” என்று எழுந்தவள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.